ஒரே இடத்தில் இரண்டு வட்டங்கள்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடரை அண்ணா என்று கூப்பிடுவார், சீடர் குருவை மேடம் என்று கூப்பிடுவார். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் மாடியில், டிசைன் ரூமில், இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. டிசைன் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சீடர் தண்டபாணி இருபத்திரண்டு வருஷம் கீழே மெஷினில் நின்றவர். இடுப்பு போன பிறகு மேலே அனுப்பினார்கள். இரண்டு வருஷமாக நிஷாவிடம் கம்ப்யூட்டரில் மாடல் வரையக் கற்றுக்கொள்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் கோபம் வந்தால் காது கேட்காது. நிஷாவுக்கும் அதே வியாதி உண்டு. அதனால் அந்த மூலைக்கு யாரும் வீணாகப் போய்ப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அன்று மூன்று மணி டீக்குக் கீழே போன தண்டபாணி, டீ குடிக்காமலே திரும்பி வந்தார். கதவை அடித்துச் சாத்தினார்.

"மேடம், எந்திரிங்க. கீழ வாங்க."

"என்னாச்சுங்கண்ணா?"

"கீழ மெஷின் ஓட்டற ஆரோக்கியராஜுக்கு மெமோ குடுத்திருக்கறானுங்க. அவன் ஓட்டுன அறுபது பம்பு மூடியும் ஒழுகுதாம். ரப்பர் வளையம் உக்கார்ற பள்ளம், அந்தக் காடி, மூணு மில்லிமீட்டர் உள்ள தள்ளி வெட்டியிருக்குதாம். அளவ மாத்திப் போட்டுட்டான்னு எழுதிப்போட்டாங்க. நாலு மணிக்குள்ள பதில் குடுக்கோணுமாம். இது மூணாவது மெமோ. இதோட அவன் வேலை போயிருமுங்க."

நிஷா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?"

"அளவையே தொடலைங்கறான். ப்ரோக்ராம் வந்தபடி ஓட்டுனேங்கறான். யாரு கேக்கறா? ஆபீஸ் ரூம் வாசல்ல நிக்க வெச்சிருக்கறாங்க. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், பள்ளிக்கூடத்துப் பையனாட்ட நிக்கறான். எது தப்பாப் போனாலும் மெஷின்காரன் தலையில கட்டறது. நானும் இருபத்திரண்டு வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டவன்தானுங்க. இன்னிக்கு விடமாட்டேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கம்பெனியில் மெமோ படியிறங்கித்தான் போகும். படியேறி வந்ததை யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்பது மாதிரி எழுதியிருப்பார்கள், முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நிஷா கீழே போகவில்லை. தன் கம்ப்யூட்டரில் அந்த மூடியின் மாடலைத் திறந்தார்.

"இந்தக் காடிய வரைஞ்சது யாரு?"

"நான்தான். போன வருஷம். அதுக்கென்னங்க இப்ப? வரைஞ்சது சரிதான். ஒரு வருஷமா ஒரு சொட்டு ஒழுகுனதில்ல."

"உக்காருங்க."

"உக்கார நேரமில்லீங்க மேடம்!"

"சரி, நின்னுட்டே பாருங்க. இது போன மாசம் இருந்த மாடல்."

திரையில் மூடி நேர்முகமாகத் தெரிந்தது.

"காடிய விட்டுட்டுச் சொல்லுங்க. நடுவுல எத்தனை வட்டம்?"

"ஒண்ணு. எண்பத்து நாலு மில்லி. பம்பு உடம்போட சேர்ற வாய். அந்த வட்டத்தப் பிடிச்சு நாலு மில்லி தள்ளி என் காடி. எனக்குத் தெரியாததா?"

நிஷா மௌஸை அவர் பக்கம் தள்ளினார்.

"திருப்புங்க."

தண்டபாணி எரிச்சலோடு மாடலைச் சாய்த்தார். ஒரு வட்டம் இரண்டாகப் பிரிந்தது. முன்னால் இருந்தது மூடியின் வாய். இன்னொன்று பின்பக்கத்தில், பேரிங் உட்காரும் மேட்டின் வெளி விளிம்பு. அதுவும் எண்பத்து நாலு மில்லிதான். நேராகப் பார்த்தபோது ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தது.

"இப்பப் பின்னாடி இருக்கற வட்டத்தை எழுபத்தெட்டு ஆக்குங்க."

அவர் எண்ணைத் தட்டினார். பின்வட்டம் சுருங்கியது. மூடியின் வாய் அப்படியே இருந்தது. காடி மட்டும் பின்வட்டத்தோடு சேர்ந்து மூன்று மில்லி உள்ளே வந்தது.

"இன்னும் குறைங்க. அறுபது."

காடி வாயைத் தாண்டி வெற்றிடத்துக்குள் விழுந்தது. வெட்ட இரும்பு இல்லாமல், பிழை என்று மாடல் சிவப்பாகி நின்றது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மென்பொருளில் புதுக்கோடு வரையும்போது ஏற்கெனவே இருக்கும் ஒரு விளிம்பைப் பிடித்து வரையலாம். அந்த விளிம்பு நகர்ந்தால் புதுக்கோடும் கூடவே நகரும். அதுதான் வசதி. இரண்டு விளிம்புகள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால், சொடுக்கியதும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எது வேண்டும் என்று கேட்காது. அதனால் பிடிப்பதற்கு முன்னால் மாடலைச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று முதல் வாரமே நிஷா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

போன வாரம் எடையைக் குறைப்பதற்காகப் பேரிங் மேட்டை எழுபத்தெட்டு ஆக்கினார்கள். ப்ரோக்ராம் மாடலிலிருந்து நேராக மெஷினுக்குப் போனது. சோதனை செய்பவர்கள் கையில் இருந்தது பழைய அளவுத் தாள். அதோடு ஒப்பிட்டால் மெஷின்காரன் அளவை மாற்றியது போலத்தான் தெரியும். ஆரோக்கியராஜ் வந்ததை வந்தபடி வெட்டியிருந்தான்.

தண்டபாணிக்கு இதெல்லாம் புரிய அரை நிமிஷம் கூட ஆகவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"அந்த மேட்டை மாத்துனது யாரு?"

"நான்தான்."

"நீங்களா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பின்பக்க மேட்டை மாத்தறதுக்கு முன்பக்கக் காடிக்காரரை எதுக்குங்கண்ணா கேக்கோணும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் பாத்தீங்களே, சம்பந்தம் இருக்குதில்ல!"

"பண்ணி வெச்சது யாரு?"

"ரெண்டும் ஒரே எடத்துல இருந்துச்சுங்க மேடம்! எண்பத்து நாலுன்னா எண்பத்து நாலு! மெஷின்ல நாங்க மேலிருந்துதான் பாப்போம். எடம் சரியா இருந்தாப் போதும், அது முன்னாடி வட்டமா பின்னாடி வட்டமான்னு எவன் கேப்பான்?"

"மெஷின்ல வெட்டுன இரும்பு மறுநாள் மாறாது. இங்க எல்லாம் மாறும். ஒரே எடத்துல இருந்துட்டா ரெண்டும் ஒண்ணாயிருமா?"

நிஷாவின் குரல் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

தண்டபாணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நிஷா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நிப்பு உடைந்துவிடும் போல அழுத்தி எழுதினார். "பேரிங் மேட்டின் அளவை மாற்றியது நான். அதை எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் மாற்றினேன். ஆபரேட்டர் மேல் தவறில்லை." கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கோபம் தண்டபாணி மேல் மட்டும் வந்ததல்ல.

தாளை அவர் முன்னால் வைத்தார். பாதித் தாள் காலியாக இருந்தது.

தண்டபாணி வெகு நேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினார். "மென்பொருள் தவறான வட்டத்தை எடுத்துக்கொண்டது."

நிஷா படித்தார். குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"மௌஸ் யாரு கையில இருந்துச்சு?"

தண்டபாணி பேனாவை மேஜை மேல் போட்டுவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. கோபத்தில்தான் கலங்கியது.

"மேடம், ரெண்டு வருஷம் நாய் படாத பாடு பட்டு இதைக் கத்துக்கிட்டேன். இதுல கையெழுத்துப் போட்டா என்ன பேசுவானுங்க? மெஷின்காரனை மேல ஏத்துனா இப்படித்தான்னு சொல்லுவானுங்க. மறுபடியும் கீழ அனுப்பிப்போட்டா இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நான் எங்க நிப்பேன்? மெஷின்காரனுக்கு ஒண்ணுன்னதும் டீயக்கூடக் குடிக்காம ஓடியாந்தவன் நான். நான் கோவப்பட்டதுல என்னங்க தப்பு?"

"தப்பே இல்லைங்கண்ணா."

"அப்பறம் ஏனுங்க என்னையவே மாட்டி வுடறீங்க?"

நிஷா திரையில் சிவப்பாக நின்ற மாடலைச் சேமிக்காமல் மூடினார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். குரலில் சூடு தணியவில்லை, ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

"உள்ள வந்தப்ப அந்தக் கதவை அடிச்சுச் சாத்துனீங்களே, அது யாருக்காக? ஆரோக்கியராஜுக்காகவா, இருபத்திரண்டு வருஷம் திட்டு வாங்குன தண்டபாணிக்காகவா?"

தண்டபாணி கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்டபாணிக்காகன்னா, அவரு அங்கிருந்து மேல வந்து ரெண்டு வருஷமாச்சு. ஆரோக்கியராஜுக்காகன்னா, அவரு இன்னும் அந்த வாசல்லயேதான் நிக்கறாரு."