தினைக்கு அடியில் ஒரு மனிதன்

காகிதம் பிறக்காத காலம், பிள்ளைகளே. சீன தேசத்தில் மஞ்சள் ஆற்றங்கரையை ஓர் அரசன் ஆண்டான். முன்னோரிடம் எதைக் கேட்பதானாலும் எலும்பில் செதுக்கித்தான் கேட்பான். செதுக்குகிறவன் பெயர் ஷுவோ. எலும்பில் விழுந்த கீறலை அழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கோட்டையும் ஷுவோ பத்து முறை யோசித்தே போடுவான்.

ஒருநாள் அரசன் அவனை அழைத்தான். "அடுத்த அறுவடை எப்படி இருக்கும் என்று முன்னோரைக் கேட்க வேண்டும். ஆனால் 'அறுவடை' என்று எழுத நம்மிடம் எழுத்துக்குறி இல்லை. ஒன்று உண்டாக்கு. முடியாவிட்டால் வடக்கு எல்லைக் காவலுக்குப் போ."

எல்லைக்குப் போனவர்கள் திரும்பியதில்லை. ஷுவோவின் கண்முன் மனைவி லானின் முகம் வந்து நின்றது.

முதலில், தலை சாய்ந்த தினைக் கதிர் ஒன்றைச் செதுக்கினான்.

"இது தினை. வயலில் நிற்பதெல்லாம் அறுவடை ஆகிவிடுமா?" என்றான் அரசன்.

அடுத்து, கதிரின் பக்கத்தில் ஒரு கத்தியை வைத்தான்.

"இது ஏற்கெனவே கூர்மைக்கு உரிய குறி ஆயிற்றே! தவிர, அறுத்துப் போட்டது வயலிலேயே மழையில் நனைந்தால் அது அறுவடையா? இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கிறேன்."

ஷுவோ கவலையோடு வயல் பக்கம் போனான். வரப்பில் ஒரு தினைக்கட்டு நடந்து வந்தது. ஆளைக் காணோம், கால்கள் மட்டும் தெரிந்தன.

"யார் அது?"

"உங்களைக் கட்டிக்கொண்ட பாவி," என்றது கட்டு. "எலும்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சத்தியமா? முதுகைக் கொடுங்கள்."

ஷுவோ முதுகைக் கொடுத்தான். கழுத்தில் தினைத்தண்டு குத்தியது. முழங்கால் மடங்கியது.

"முனகாதீர்கள், தினை பயந்துவிடும்," என்று லான் சிரித்தாள்.

வாசலில் கட்டை இறக்கியதும் அவன் உளியைத் தேடி ஓடினான். குனிந்த ஒரு மனிதன். அவன் மேல் தினை. செதுக்கி முடித்தான்.

மறுநாள் அரசன் அதை வெகுநேரம் பார்த்தான். "அழகுதான். ஆனால் நிலம் என்னுடையது. நான் எங்கே? தினைக்கு மேல் என்னையும் செதுக்கு."

ஷுவோ உளியை எலும்பில் வைத்தான். நாலு கீறல் போதும், லானோடு வீட்டில் இருக்கலாம். ஆனால் குனிந்திருந்த அந்தச் சின்ன மனிதனைப் பார்த்ததும் கை நகரவில்லை.

"அரசே, நேற்று நான் இதைச் சுமந்தேன். தினையே கழுத்தை ஒடித்தது. அதன்மேல் நீங்களும் ஏறினால் அவன் விழுவான். அவன் விழுந்தால் தினை விழும். தினை விழுந்தால் நீங்களும் விழுவீர்கள்."

 அரசன் தன் பருத்த வயிற்றைக் குனிந்து பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "என் குதிரையே திணறுகிறது, அவன் என்ன செய்வான்! குறி இப்படியே இருக்கட்டும்."

ஷுவோ வீட்டுக்கு ஓடினான். லான் வாசலிலேயே மறித்தாள். "எல்லைக்கா, வீட்டுக்கா?"

"வயலுக்கு," என்றான் ஷுவோ. "மிச்சக் கட்டுகள் எங்கே?"

மக்கள் ஓர் அறுவடை முதல் மறு அறுவடை வரை காலத்தை எண்ணினார்கள். அதனால் அந்தக் குறிக்கே பிற்பாடு 'ஆண்டு' என்ற பொருளும் வந்தது.

விளைச்சலுக்கு யார் உரிமை கொண்டாடினாலும், அதைச் சுமந்தவரின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.