கரைவலைக்கு வந்த பொன்சட்டம்

அன்று உச்சிப்பொழுதுக்குள் படத்தைச் சட்டத்துக்குள் அடக்கியாக வேண்டும். அடக்கினால் சேந்தன் அரண்மனை ஓவியன். இல்லையென்றால் பழையபடி கல்யாண வீட்டுப் பானைகளுக்குக் கோலம் எழுதப் போகவேண்டியதுதான்.

சட்டம் ராணி அனுப்பியது. நான்கு பக்கமும் கொடியும் கிளியுமாகச் செதுக்கிப் பொன் பூசியிருந்தார்கள். இரண்டு ஆள் தூக்குகிற கனம். அழகுக்குக் குறைவில்லை, அகலத்தில்தான் ஒரு சாண் குறைந்தது.

படத்தில் கடல். கரைவலையின் இரண்டு கயிற்றையும் மணலில் நின்று மீனவர்கள் இரண்டு கூட்டமாக இழுக்கிறார்கள். வலப்பக்கம் ஐந்து பேர், இடப்பக்கம் நான்கு பேர்.

"இன்னும் என்னய்யா யோசனை?" வாசலில் நின்ற அரண்மனைக் காரியக்காரர் வெயிலைப் பார்த்தார். "வெறுஞ்சுவரையா ராணி பார்த்துக்கிட்டு இருப்பாங்க?"

சேந்தன் கத்தியை எடுத்து, ஒரு சாண் வெட்டிவிடப் படத்தின் இடது ஓரத்தில் வைத்தான்.

வஞ்சியம்மை அருகில் வந்தாள். சேந்தனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த குரு அவள். அவனைவிட ஒன்பது வயது இளையவள். ஆனாலும் அவள் எதிரில் அவன் உட்கார்ந்ததில்லை.

"அந்த நாலு பேரும் போனா அந்தப் பக்கக் கயிற்றை யாரு இழுப்பாங்க, சேந்தரே?"

"படம்தானே அம்மா. மீன் ஓடியா போயிடும்?"

காரியக்காரர் சிரித்துவிட்டார். வஞ்சியம்மை சிரிக்கவில்லை.

"ஓரத்துல நிக்கிற ஆளுங்கதானே, யாரு தேடப்போறாங்க?" என்றான் சேந்தன். குரல் இறங்கியிருந்தது.

"சரி. சட்டத்தைப் பக்கத்துல வெச்சு இன்னொரு தடவை அளந்துட்டு வெட்டுங்க. அந்த முனையைப் பிடிங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தான். இருவரும் தூக்கினார்கள். அறையின் நடுவில் வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள்.

சட்டம் சாய்ந்தது. சேந்தனின் முழங்கால் மடங்கியது.

"அம்மா! ஒத்தை ஆளா தாங்க முடியாது! பிடிங்கம்மா!"

அவள் கைகட்டி நின்றாள்.

காரியக்காரர் செருப்புக்காலோடு பாய்ந்து வந்து மறுமுனையைத் தாங்கினார். பொன்கிளியின் மூக்கு தரையில் இடிக்க ஒரு விரல்கடைதான் பாக்கி.

"ஐயா, விட்டுடாதீங்க," என்று கெஞ்சினான் சேந்தன்.

சொல்லி வாய் மூடவில்லை, அவன் கண் படத்துக்குப் போனது. இடது ஓரத்தில் நான்கு பேர் குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்லச் சட்டத்தை இறக்கினார்கள். சேந்தன் கத்தியை எடுத்தான். உறையில் போட்டான்.

"ஐயா, சட்டத்தை வண்டியில ஏத்திடுங்க."

"என்ன விளையாட்டு இது?" காரியக்காரருக்கு முகம் சிவந்தது. "ராணி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

வஞ்சியம்மை சொன்னாள்:

"வலை இன்னும் கரையேறலை, அதுவரைக்கும் ஆளைக் குறைக்க முடியாதுன்னு சொல்லுங்க."