செங்கமலத்தின் பக்கம்

துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற செங்கமலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மருத்துவ அட்டை அலுவலக வரிசையில், எனக்கு முன்னால். கணினிப் பட்டியலில் அவர் பெயருக்கான இணைப்பைத் தட்டினால் ‘இறந்துவிட்டார்’ என்று திரையில் வந்தது.

“உயிரோடதானே நிக்கிறேன், ஐயா?”

“கம்ப்யூட்டர் சொல்றதுதான் சரி,” என்றார் அதிகாரி தாண்டவராயன். “அட்டை கிடையாது.”

ஒப்பந்த ஊழியர் இன்னாசி எழுந்தார். “இணைப்புல அவங்கவங்க பதிவு எண்ணைப் போடலாம்னேன், சார். பட்டியல்ல எத்தனாவது ஆளோ அதைப் போடச் சொன்னீங்க. ஒரு பேரை நீக்கினதும் அதுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் அடுத்த ஆளோட பக்கம் திறக்குது.”

“எனக்கே பாடமா?”

“இல்ல சார், இதே பட்டியல்ல உங்க பேரும் இருக்கு, உங்க இணைப்பைத் தட்டுறேன்.”

‘லஞ்சப் புகாரில் பணிநீக்கம்’ என்று வந்தது.

“கம்ப்யூட்டர் சொல்றதுதான் சரின்னா, நாற்காலியைக் காலி பண்ணுங்க, சார்.”

வரிசையே சிரித்தது. இணைப்புகளைத் திருத்தப் பத்து நிமிடம் ஆனது. அட்டையில் கையெழுத்திடத் தாண்டவராயனுக்கு இருபது நாள் ஆனது. அதற்குள் செங்கமலம் இறந்துபோனார்.

அவருடைய பதிவு எண் 4127. இணைப்பைத் தட்டினால் இப்போது அவர் பக்கமே திறக்கிறது: ‘இறந்துவிட்டார்’.