பத்தாவது சிப்பி

ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் விழும் சத்தம். சிப்பிக்கு நினைவில் இருந்த ஒரே சத்தம் அதுதான்.

முன்பொரு காலத்தில், அந்த ஏரியில் கடுகைவிடச் சிறிய உயிர் ஒன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரே பகலில் தன் ஓட்டைக் கட்டிக்கொண்டது. அன்றைக்குத் தண்ணீரில் என்ன இருந்ததோ அதுவே ஓட்டிலும் ஏறியது. பிறகு உயிர் போனது. மிஞ்சிய ஓடுதான் இந்தச் சிப்பி; அது சேற்றில் புதைந்து பல நூறு வருஷம் கிடந்தது.

மேலே இறால் பண்ணைகள் வந்தன. ஏரி கரித்தது. ஊர்க் கிணறுகளும் கரித்தன. “இது ஆதியிலிருந்தே உப்பு ஏரிதான்” என்றார்கள் பண்ணைக்காரர்கள். உண்மையைப் பார்க்க ஆய்வாளர்கள் அடிச்சேற்றைத் தோண்டி, பத்துச் சிப்பிகளைப் பொறுக்கி, ஆய்வுக்கூடத் தட்டில் வைத்தார்கள். சிப்பியை அமிலத்தில் கரைத்தால், அது பிறந்த நாளில் தண்ணீர் எப்படி இருந்தது என்று கருவி சொல்லிவிடும்.

ஒன்பது கரைந்துவிட்டன. ஒன்பதும் ‘உப்பு’ என்றன.

பத்தாவது சிப்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன் முதுகில் வெள்ளையாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பண்ணையிலிருந்து சேற்றுக்குள் இறங்கிய உப்பு.

“அந்த ஒன்பது பேரும் சொன்னது அவங்க தண்ணி இல்லை. அவங்க முதுகிலே உட்கார்ந்து நீ சொன்னது,” என்றது சிப்பி. “இறங்குடா.”

“இருபது வருஷமா இருக்கேன். பட்டா கேட்டாக்கூடக் கிடைக்கும்,” என்றது உப்பு.

“ஏறி உட்கார்ந்தவன் எல்லாம் கூடப்பிறந்தவன் ஆயிடுவானா?”

“எப்படியும் கரையப்போறே. கரையப்போறவளுக்கு எதுக்குக் குளியல்?”

“கரையறேன். என் தண்ணியைச் சொல்லக் கரையறேன். உன்னைச் சொல்ல நான் ஏன் சாகணும்?”

சிப்பிகளைக் கழுவுவதற்கென்று பக்கத்தில் கிடந்த தூரிகைக்குப் பொறுக்கவில்லை. “ஒன்பது பேர் போறதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், தாயி. என்னை யாரும் எடுக்கலை. அவசரமாம். நீ வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டு.”

ஆய்வுக்கூட உதவியாளர் அமலோற்பவம் தட்டை நுண்ணோக்கிக்குக் கீழே இழுத்தாள். அந்த அசைவில் சிப்பி பலத்தையெல்லாம் கூட்டிப் புரண்டது.

“சார், இதிலே என்னமோ மினுங்குது. கழுவாமலா போட்டோம்?”

“ஒன்பதும் ஒரே மாதிரி வந்தாச்சேம்மா,” என்றார் அவள் அதிகாரி இஞ்ஞாசி, அறிக்கையிலிருந்து தலை தூக்காமல். “இதையும் போட்டு முடி. நாலு மணிக்குச் சான்று வாங்கப் பண்ணை ஆளுங்க வந்துருவாங்க.”

“ஒன்பதும் அழுக்கோட போயிருந்தா ஒரே மாதிரிதானே சார் வரும்?”

அவள் தூரிகையை நல்ல தண்ணீரில் தோய்த்தாள்.

“நான் இங்கே ரொம்ப நாளா...” என்று தொடங்கிய உப்பு, ஒரு சொட்டு பட்டதுமே பேச்சின் நடுவில் கரைந்தது. தேய்த்ததில் சிப்பியின் விளிம்பும் கொஞ்சம் உடைந்தது.

“வலிக்குதா?” என்றது தூரிகை.

“நிறுத்தாதே,” என்றது சிப்பி.

பிறகு அது கலிங்குச் சத்தத்தை நினைத்துக்கொண்டே அமிலத்தில் இறங்கியது.

‘நல்ல தண்ணீர்’ என்றது கருவி.

இஞ்ஞாசி எழுந்து வந்து கருவியைப் பார்த்தார். பிறகு ஒன்பது முடிவுகளையும் அடித்துவிட்டு, ஏரியை மறுபடி தோண்டும்வரை பண்ணைகளுக்கு எந்தச் சான்றும் தர முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கழுவாமல் கரைத்த அந்த ஒன்பதும் எந்தத் தண்ணீரில் பிறந்தன என்று இனி யாருக்கும் தெரியாது.

பத்தாவது சிப்பி முழுவதும் கரைந்துவிட்டது. சோதனைக் குழாயின் அடியில் ஒரு துகளும் மிஞ்சவில்லை.