வழிமறிச்ச புலியும் பஞ்சு ஒட்டின குயிலும்

ஒரு காட்டுல சம்புன்னு ஒரு நரி இருந்துச்சு. அதுக்குச் சினிமாப் பைத்தியம். நல்லா ஓடிட்டிருக்கிற எதைப் பாத்தாலும், "இதைப் படமா எடுத்தா இன்னும் நல்லா இருக்குமே"ன்னு கெடுக்கக் கிளம்பிடும்.

அந்தக் காட்டுல 'வழிமறிச்ச புலி'ன்னு ஒரு பாட்டு நாடகம் ரொம்பப் பிரபலம், பசங்களா. கதை இவ்வளவுதான். தனியாப் போற ஆட்டுக்குட்டியைப் புலி மறிக்கும். பாட்டாலயே கேள்வி கேக்கும். ஆடு பாட்டாலயே பதில் சொல்லணும். சொன்னா வழி விடும். சொல்லலைன்னா ஆடுதான் சாப்பாடு.

புலி வேஷம் போடுறது நிஜப் புலி. பேரு வீரபத்திரன். நாடகத்தன்னைக்கு முழுப் பட்டினி கிடக்கும். "மேடையேறினா எனக்கு நடிக்கத் தெரியாது, புலியாத்தான் இருப்பேன்"னு மீசையை நீவிக்கும்.

ஆட்டுக்குட்டி வேஷம் மரகதம்ங்கிற தவளைக்கு. குரல் கரகரன்னு இருக்கும். ஆனா வாய் இருக்கே, வாய்! புலி எப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டாலும் மாட்டினதே இல்ல.

நரி புலிகிட்ட போச்சு. "அண்ணே, நாடகத்தைப் படமா எடுத்துக் குகைச் சுவத்துல காட்டப் போறோம். புலி நீங்கதான்."

"ஆடு மரகதமா?"

"அந்த மூஞ்சிய அவ்வளவு பெருசாக் காட்டினா குட்டிங்க தூங்குமா? நம்ம குயில் கோகுலனைப் போடுறேன். அவன் இருமினாக்கூட காடே கைதட்டுது."

"பாடுவான், சரி. பதில் சொல்லுவானா?"

"கேள்வி பதில் எல்லாம் எழுதியே குடுத்துடுறேன் அண்ணே."

புலி மொறைச்சுது. "பசியை எவன்டா எழுதிக் குடுப்பான்? என் வாயில வர்றதைத்தான் நான் கேப்பேன்."

இதை நரி குயில்கிட்ட சொல்லணுமா இல்லையா? சொல்லலையே! "மூணு பாட்டு, மனப்பாடம் பண்ணிக்கோ கோகுலா. வழக்கம்போலக் கண்ணை மூடிப் பாடு. மத்ததை நான் பாத்துக்கறேன்"னுச்சு.

படப்பிடிப்பு அன்னைக்குக் குயிலோட றெக்கையைக் கொடியால இறுக்கிக் கட்டினாங்க. ஆட்டுக்கு ஏது றெக்கை? மேல பிசினைத் தடவி இலவம்பஞ்சை அப்பினாங்க. கூர் மூக்கு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. 

"அண்ணே, பறக்க முடியலையே"ன்னு குயில் முனகுச்சு.

"ஆடு எதுக்குடா பறக்கணும்?"

வேஷம் போன கோவத்துல மரகதமும் வந்திருந்துச்சு. குட்டை ஓரமா உக்காந்து, வறுத்த ஈசலை மென்னுக்கிட்டே, "ஆகட்டும் ஆகட்டும், நம்ம பஞ்சு மூட்டை என்ன பண்ணுதுன்னு பாப்போம்"னுச்சு.

கேமராக் கொரங்கு கையைத் தூக்குச்சு. "ஆக்‌ஷன்!"

புலி குதிச்சு வந்து மறிச்சுது. "எந்த ஊரு ஆடே, எங்க போற?"

குயில் கண்ணை மூடிக்கிட்டு மொதப் பாட்டை எடுத்து விட்டுச்சு. அடடா! மரமெல்லாம் சொக்கிப் போச்சு. நரி, "ஹிட்டு, ஹிட்டு!"ன்னு வாலைச் சுழட்டுச்சு.

புலி ஒரு அடி கிட்ட வந்துச்சு. மனசுல தோணினதைக் கேட்டுச்சு. "கண்ணை மூடி நிக்கிற ஆடே, என்னைக் கண்டா பயமில்லையா?"

குயிலுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது மனப்பாடத்துல இல்லையே! கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கிட்டு, தன்னோட பழைய ஹிட்டையே பாடுச்சு. "தூறல் தூறல் கூக்கூ..."

"நான் பயத்தைக் கேட்டா நீ தூறலைச் சொல்ற?" புலி பதுங்குச்சு. வால் நுனி துடிச்சுது. நிஜமாவே புலியாயிடுச்சு, பசங்களா.

"கட்! கட்!"னு நரி கத்துச்சு. பசிச்ச புலிக்குக் கட் ஏது? குயில் பறக்கப் பாத்துச்சு, கொடி விடல. ஓடப் பாத்துச்சு, பிசின் விடல. புலியோட பாதம் அதோட வால் மேல விழுந்துச்சு.

குட்டையில மரகதம் வாயில ஈசலை வச்சிருந்தபடியே நின்னுச்சு. சிரிக்கத்தான் வந்துச்சு. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் வராம இருந்தா அதுக்குத் தொண்டை அரிக்கும். ஈசலைத் துப்பிட்டு ஒரே தாவுல புலிக்கும் குயிலுக்கும் நடுவுல வந்து விழுந்துச்சு. புலியை ஒரு பார்வை பாத்துச்சு. பாடுச்சு:

"பயந்து நானும் நடுங்கியிருப்பேன் புலியாரே – உம்ம
பல்லிடுக்குல கீரை இல்லாட்டி, புலியாரே!"

புலி கப்புன்னு வாயைப் பொத்திக்கிச்சு.

முழுப் பட்டினின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, மறைவாப் போய் ஒரு பிடி கீரை மென்னிருக்கு! குயில் மேல இருந்த பாதம் தன்னால எழும்பிச்சு.

"வயித்தைப் புரட்டுச்சும்மா, வைத்தியத்துக்குத் தின்னேன்"ன்னு புலி முணுமுணுத்துச்சு. அப்புறம் நாடக முறைப்படி தலையைக் குனிஞ்சு வழி விட்டுச்சு. "நீ வந்தியே மரகதம், நல்லவேளை. இவனைத் தின்னிருந்தா பஞ்சு தொண்டையில அடைச்சு நானும் போயிருப்பேன்."

குயில் மெதுவாக் கண்ணைத் திறந்துச்சு. வால்ல ரெண்டு இறகு காணோம், உசுரு இருந்துச்சு. "அப்பாடா! மரகதக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கீரை உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உனக்கும் தெரிஞ்சிருக்கும்டா தம்பி. நீதான் கண்ணையே திறக்கலையே."

நரி தலையில கை வச்சுக்கிச்சு. "குயில் படத்தைப் போட்டு போஸ்டர் ஒட்டிட்டேனே! கோகுலா, இன்னும் ஒரே ஒரு டேக்..."

"எனக்குப் பஞ்சே வேணாம்ணே! ஆரம்பத்துல வர்ற பாட்டைப் பாடித் தரேன். மரத்து மேல இருந்து. உச்சிக் கிளையில இருந்து!"

"அப்ப போஸ்டர்?"

"அவன் மூக்கை அழிச்சிட்டு அங்க என்னோட பெரிய வாயை வரைஞ்சிடு"ன்னுச்சு மரகதம், பஞ்சை எடுத்துத் தன் மேல ஒட்டிக்கிட்டே.

படம் குகைச் சுவத்துல ஓடுச்சு. உச்சிக் கிளைப் பாட்டுக்குக் காடே கைதட்டுச்சு. கீரைப் பாட்டு வந்தப்ப கைதட்ட யாருக்கும் கை ஒழியல, எல்லாரும் வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க. புலி மட்டும் குச்சியால பல்லைக் குத்திக்கிட்டே பாத்துச்சு.

நீதி: கூட்டம் யாருக்குக் கைதட்டுதுன்னு பாத்து வேஷம் குடுக்காதே, அந்த வேஷம் என்ன கேக்குதுன்னு பாத்துக் குடு.