பன்னிரண்டு கரைப் போர்வை

முன்னொரு காலத்தில், கரைத் துணி மேல் பித்துப் பிடித்த ஓர் அரசன் இருந்தான். தன் பிறந்தநாள்தோறும் ஏழைகளுக்குப் புதுத் துணியும் நெல்லும் கொடுப்பான். ஆண்டுக்கொரு நிறத்தில் கரை. ஒரு வருடத்துக் கரை மறு வருடம் வராது.

பதின்மூன்றாம் ஆண்டு நெருங்கியது. அமைச்சர் மன்றவாணர் மெல்ல ஆரம்பித்தார்.

"அரசே, தலைநகரில் துணிக்கு நானூறு பேர் நிற்கிறார்கள். கருவேலங்குறிச்சியில் நாற்பதே பேர். வறுமை நகரத்தில்தான் இருக்கிறது. அந்த ஊருக்குத் துணியும் நெல்லும் அனுப்புவதை நிறுத்திவிடலாம்."

அரசன் தலையாட்டப் போனான். விகடகவி தாண்டவனுக்குச் சுருக்கென்றது. அந்த ஊர்ப் பக்கம் போய் வந்தவன் அவன். நெல் நின்றால் நாற்பது அடுப்பும் அணைந்துவிடும்.

"அரசே, நகரத்தில் வறுமை வந்து போகிற விருந்தாளி. அங்கேயோ பாய் விரித்துப் படுத்துவிட்டது."

மன்றவாணருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "வாயால் அளப்பது எளிது. பன்னிரண்டு ஆண்டு வறுமையையும் இந்தச் சபையில் கண்ணுக்குக் காட்டட்டும். அதுவும் வாய் திறக்காமல்! முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

அரசனுக்கு வேடிக்கையாக இருந்தது. எட்டு நாள் தவணை கொடுத்தான்.

எட்டாம் நாள் தாண்டவன் வாயைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் நகரத்து ஏழைகள் இருபது பேர். எல்லோரிடமும் சென்ற ஆண்டுப் பச்சைக் கரைதான்.

"இதற்கு முன் வாங்கிய துணி எங்கே?" என்றான் அரசன்.

"போன வருசந்தான் சாமி நாங்க இங்க வந்தோம். முந்தி வாங்குனவங்க மண்டியில மூட்டை தூக்குறாங்க, புட்டுக்கடை போட்டிருக்காங்க" என்றான் ஒருவன்.

அடுத்து, கருவேலங்குறிச்சிச் சடைச்சி முன்னால் வந்து ஒரு போர்வையை விரித்தாள். பன்னிரண்டு கரை, பன்னிரண்டு நிறம், ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தது.

"துணி நைஞ்சாலும் கரை நையாது சாமி. வருசா வருசம் கிழிச்சு ஒட்டுப் போட்டேன். எங்க ஊர்ல நாப்பது வீட்லயும் இப்படி ஒண்ணு கெடக்கு."

"பன்னிரண்டு ஆண்டும் நீயேவா வந்து நின்றாய்?"

"வேற யாரு நிப்பா? மழை பேஞ்சா கூலி, பேயாட்டி அதுவுமில்ல. தூக்குறதுக்கு மூட்டையா இருக்கு எங்க ஊர்ல?"

அரசனுக்கு வெட்கமாகிவிட்டது. நகரத்தில் துணி கொடுப்பதும் நிற்கவில்லை. கருவேலங்குறிச்சிக்கோ நெல்லோடு வீட்டுக்கொரு காணி நிலமும், ஏரும் மாடும், ஒரு குளமும் கிடைத்தன.

அதற்கு மூன்றாம் ஆண்டு, தாண்டவனையும் மன்றவாணரையும் கூட்டிக்கொண்டு அரசனே அங்கே துணியோடு போனான். வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். சடைச்சியைக் காணோம். ஆள் அனுப்பினான்.

வயலிலிருந்தே பதில் வந்தது: "நடவு கெடக்கு. வரிசையில நிக்க ஏது நேரம்னு ராசாகிட்ட சொல்லுய்யா!"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்து முத்து மாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டான். சடைச்சிக்குக் கொண்டுவந்த துணியை மன்றவாணர் மடித்துத் திரும்ப வண்டியில் வைத்தார்.