சாடி போட்ட தும்மல்

வெகு காலத்துக்கு முன்னே, கொடியாறு பாயும் பள்ளத்தாக்கைப் பொன்வழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒருவர் சொன்னதை நம்புவார். மாலையில் இன்னொருவர் வந்து மாற்றிச் சொன்னால் அதையும் நம்புவார்.

ஆற்றங்கரையில் காமுத்தாய் என்ற பெண் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தாள். எல்லாம் முப்பது வருஷமாக அவளே நட்டு வளர்த்த கொடிகள். பழங்களைக் கல்தொட்டியில் மிதித்துச் சாறெடுத்து, நாற்பது சாடிகளில் புளிக்கவைத்து, அரண்மனைக்கு மது செய்து கொடுப்பாள். விருந்துக்கு வரும் அயல்நாட்டார் எல்லாரும் அவள் பெயரைத்தான் விசாரித்தார்கள். பண்டகசாலைத் தலைவர் திருமேனியாருக்கு அது பொறுக்கவில்லை.

அந்த வருஷம் சாறு ஊற்றிய அன்றே அவர் ராஜாவைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தார். எல்லாச் சாடிகளிலும் முக்கால் பாகம்தான் சாறு இருந்தது. சாடிகளின் வாயை வெறும் துணியால் மூடியிருந்தாள். மீதிக் கால் பாகத்தை இவள் திருடிவிட்டாள் என்றார் திருமேனியார். ராஜாவின் முகம் சிவந்தது.

"மகாராஜா, புதுச் சாறு மூச்சு விடும். பொங்கி எழ அதற்கு இடம் வேண்டும்" என்றாள் காமுத்தாய்.

"மூச்சு விடுமா? அப்படியானால் சளி பிடித்தால் தும்முமோ?" என்றார் திருமேனியார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். சாடிகளைக் கழுத்துவரை நிரப்பி, இறுக அடைத்து முத்திரை வைக்கவேண்டும் என்றும், அவள் சொன்னது பொய்யானால் தோட்டம் திருமேனியாருக்கு என்றும் உத்தரவு போட்டார்.

காமுத்தாய் கொடிகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ஆகட்டும், மகாராஜா. முதலில் ஒரு சாடியை மட்டும் நிரப்பி முத்திரை வையுங்கள். ஐயா வீட்டிலேயே அது இருக்கட்டும். எட்டு நாள் அது சும்மா இருந்தால், தோட்டத்தை விட்டு நானே போய்விடுகிறேன்."

ராஜா சம்மதித்தார். கட்டையால் அடைத்து, அரக்கு ஊற்றி, தம் மோதிரத்தாலேயே முத்திரை பதித்தார். திருமேனியார் சாடியைத் தம் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, வெள்ளைப் பட்டு உடுத்திச் சபைக்குக் கிளம்பும்போது, சாடிக்குள் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. பாம்போ என்று பயந்தார். பிறகு மூடி தளர்ந்திருக்கும் என்று நினைத்து, முழுப் பலத்தோடு அதை அழுத்தினார்.

சபையில் ராஜா காமுத்தாயிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்போது தலைமுதல் கால்வரை ஊதா நிறமாக ஒருவர் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். தலைப்பாகையில் ராஜாவின் அரக்கு முத்திரை ஒட்டியிருந்தது.

"அரசே, இவள் சூனியம் வைத்துவிட்டாள்" என்றார்.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திருமேனியாரே, சாடி தும்மிவிட்டதா?"

சபை முழுக்கச் சிரித்தது. காமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அருகில் போய், காயம் எதுவும் இல்லையே என்று கேட்டு, முகம் துடைக்கத் தன் முந்தானையை நீட்டினாள். திருமேனியார் தலையைத் தொங்கப்போட்டார்.

ராஜா அந்த அரக்கைத் தம் கையாலேயே எடுத்தார். "என் முத்திரைக்குப் புதுச் சாறு அடங்காது என்று தெரியாமல் உன்னைக் கள்ளி என்று நினைத்தேன், அம்மா" என்றார். தோட்டம் என்றைக்கும் அவளுக்கே என்று செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்பது சாடிகளும் மூச்சு விடுகின்றனவா என்று தினமும் காது வைத்துக் கேட்கும் வேலை திருமேனியாருக்குக் கிடைத்தது.

அவர் அதை ஒழுங்காகவே செய்தார். அந்தப் பட்டுதான் எத்தனை முறை வெளுத்தும் வெள்ளையாகவில்லை.